ஊர் மக்களுக்கும் ஊழியர்களுக்கும் உடல்நலக் கல்வி: வேலூர்க் கல்லூரிகளில் விரிவாக்கப் பணிக்குப் புதிதாக வருவோருக்கு

கல்லூரிப் பணியில் சேர்ந்து ஓரிரு ஆண்டுகள் ஆனதும், ஒரு நாள் முதல்வர் அறைக்கு அழைத்து, "இந்த ஆண்டு ஊர்களுக்குப் போய்ச் செய்யும் விரிவாக்கப் பணியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு கோப்பைக் கையில் கொடுப்பார்கள். அதற்குள் பழைய அழைப்பிதழ்கள், வருகைப் பதிவேடுகள், பதாகையின் முன் வரிசையாக நின்று எடுத்துக்கொண்ட படங்கள் எல்லாம் இருக்கும். எந்த ஊரில் யாரைக் கேட்டுக்கொண்டு கூட்டம் நடத்தினார்கள், அதன் பிறகு அந்த ஊரில் என்ன மாறியது என்ற விவரம் மட்டும் பெரும்பாலும் இருக்காது. அப்படி ஒரு கோப்போடு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கும் ஆசிரியருக்காகவும், அவரோடு ஊருக்குள் போகப்போகும் மாணவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். வேலூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் பல ஆண்டுகள் இந்த வேலையைச் செய்ததில் நான் உறுதியாகப் பற்றிக்கொண்ட முறை ஒன்றுதான்: ஒரு கூட்டத்துக்கு ஒரு செய்தி, அந்தச் செய்திக்கு ஒரு செயல், மூன்று வாரம் கழித்து அதே ஊருக்குத் திரும்பிப் போவது. இனி வரும் படிகள் எல்லாம் அந்த முறையை நடைமுறைக்குக் கொண்டுவருவதற்கானவை.

வேலூருக்கு இது புதிய வேலை அன்று. ஐடா ஸ்கட்டர் அம்மையார் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கும் முன்பே, சாலையோர மரத்தடிகளில் வண்டியை நிறுத்தி, காத்திருந்த கிராமத்தாருக்கு மருத்துவம் பார்த்த பழக்கம் இங்கே வந்துவிட்டது. அந்தப் பள்ளியிலிருந்து வளர்ந்த கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு (சி.எம்.சி.) பாகாயத்தில் இயங்கும் சமுதாய நலத் துறை கணியம்பாடி ஒன்றியத்தில் பல தலைமுறைகளாக வீடு வீடாகப் போய் வந்திருக்கிறது, கே.வி.குப்பம் ஒன்றியத்தில் 1977 முதல் அதே சி.எம்.சி.யின் ஊரகப் பிரிவான ரூசா நிலையம் மருத்துவத்தையும் ஊர் முன்னேற்றத்தையும் சேர்த்தே நடத்தி வருகிறது. காட்பாடிக்கு அப்பால் கரிகிரியில் 1955இல் தொடங்கிய தொழுநோய் மருத்துவமனை, நோயாளிக்குத் தன் கைகால்களைத் தானே பேணக் கற்றுக்கொடுத்ததில் உலகறிந்த இடம். ஆகவே நீங்கள் நுழையும் ஊர் உடல்நலப் பேச்சைக் கேட்டே அறியாத ஊராக இருக்காது. பல ஊர்களில் அதை அளவுக்கு மீறிக் கேட்டுச் சலித்திருப்பார்கள். எங்கிருந்து தொடங்குவது என்பதை இந்த உண்மைதான் தீர்மானிக்க வேண்டும்.

ஊரைத் தேர்ந்தெடுத்தல்

பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டானது; 2019இல் வேலூர் மாவட்டத்திலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாகப் பிரிந்தன. அனுமதிக் கடிதம் எழுதும்போது இந்த எல்லையைக் கவனிக்காமல் விட்டால், உங்கள் கடிதம் தவறான அலுவலகத்துக்குப் போய் இரண்டு மாதம் உறங்கும். ஆம்பூரும் வாணியம்பாடியும் இன்று திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. வேலூர் மாவட்டத்தில் எஞ்சியவை வேலூர், கணியம்பாடி, அணைக்கட்டு, காட்பாடி, கே.வி.குப்பம், குடியாத்தம், பேரணாம்பட்டு ஆகிய ஏழு ஒன்றியங்கள். இவற்றில் கல்லூரியிலிருந்து ஒரே பேருந்தில் முக்கால் மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஊர்களாக இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ஊர்களைத் தத்தெடுத்ததாக அறிக்கையில் எழுதலாம். ஆனால் மாணவர்களோடு மாதம் ஒரு முறை போய்வரக் கூடியவை இரண்டுதான். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியும், ஏழு நாள் சிறப்பு முகாமும் உண்டு. அந்த மணிகளை ஒரே ஊரில் செலவிட்டால்தான் மாணவர் பெயரை ஊர்க்காரர்கள் அறிவார்கள்.

முதலில் பார்க்க வேண்டியவர்

ஊராட்சித் தலைவரைப் பார்ப்பதும், வட்டார மருத்துவ அலுவலருக்குக் கடிதம் கொடுப்பதும், பள்ளிக்குள் நடத்துவதானால் தலைமையாசிரியரிடமும் கல்வித் துறையிடமும் எழுத்தில் அனுமதி பெறுவதும் கட்டாயம். அவற்றில் சுணக்கம் வேண்டாம். ஆனால் இவர்கள் எல்லோருக்கும் முன்னால் நீங்கள் பார்க்க வேண்டியவர் துணை சுகாதார நிலையத்தின் கிராம சுகாதார செவிலியர். ஊரில் "நர்சம்மா" என்றால் அவர்தான். எந்தத் தெருவில் எத்தனை கர்ப்பிணிகள், யார் வீட்டில் சர்க்கரை மாத்திரையைப் பாதியில் நிறுத்தினார்கள், யாருக்குத் தடுப்பூசியில் நம்பிக்கை இல்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அங்கன்வாடி ஆசிரியரும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் பெண் தன்னார்வலரும் அடுத்த இருவர்.

அவர்களிடம் போகும்போது தலைப்பை முடிவு செய்துகொண்டு போகாதீர்கள். "நாங்கள் நீரிழிவு பற்றிப் பேச வருகிறோம்" என்று சொன்னால், அவர்கள் "வாங்க சார்" என்று சொல்லி நாளைக் குறித்துக் கொடுத்துவிடுவார்கள். மறுத்துப் பேச மாட்டார்கள். அதைவிட, "போன மாதம் நீங்கள் சொல்லிச் சொல்லியும் கேட்காத விஷயம் எது?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில்கள்தான் என் வேலையின் பெரும்பகுதியை வகுத்தன. ஒரு செவிலியர், "இரும்புச்சத்து மாத்திரையைக் கையில் வாங்கிக்கொள்கிறார்கள், பரணில் டப்பா டப்பாவாக இருக்கிறது" என்றார். மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுத்துப் போவதைப் பார்த்துப் பயந்ததுதான் காரணம் என்பது, பிறகு பெண்களோடு தனியாக உட்கார்ந்து பேசியபோது தெரிந்தது. கறுத்துப் போவது அந்த மாத்திரைக்கு இயல்பு, அதனால் கெடுதல் இல்லை என்று முன்கூட்டியே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த டப்பாக்கள் பரணுக்குப் போயிருக்காது. இரத்தசோகை பற்றி ஒரு மணி நேரம் பேசியிருந்தாலும் இந்த ஒரு வாக்கியம் அதில் வந்திருக்குமா என்பது சந்தேகமே.

தலைப்பை ஊரே சொல்லும்

இடத்துக்கு இடம் தேவை மாறும். அணைக்கட்டு வட்டத்து மலைக் கிராமங்களில் பாம்புக்கடி பற்றிப் பேசாத உடல்நலக் கல்வி அரைகுறையானது. கடித்த இடத்தைக் கீறக் கூடாது, வாய்வைத்து உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. மோதிரம், கொலுசு, வளையல்களைக் கழற்றிவிட்டு, எலும்பு முறிந்த காலை அசையாமல் வைப்பதைப் போல் கடிபட்ட கையையோ காலையோ கட்டையும் துணியும் வைத்து அசைவின்றி வைத்து, 108க்கு அழைத்தோ கிடைத்த வண்டியிலோ நச்சுமுறிவு மருந்து உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். வண்டி ஏறி வராத குக்கிராமமானால் ஆளை நடக்கவிடாமல் டோலி கட்டித் தூக்கிவர யார் யார் வருவார்கள் என்பதைக் கூட்டத்திலேயே பெயர் சொல்லிப் பேசி வைத்துக்கொள்ளச் செய்யுங்கள். பச்சிலை கொடுப்பவர் அந்த ஊரில் இருந்தால் அவரைப் பழிக்காதீர்கள். கூட்டத்துக்கு அவரையும் அழைத்து, "உங்களிடம் வந்தாலும் உடனே வண்டியேற்றி அனுப்புங்கள்" என்று மரியாதையோடு கேட்டால் பலர் ஒப்புக்கொள்கிறார்கள்.

குடியாத்தம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு இருமலும் முதுகுவலியும் அன்றாடப் பேச்சு. அங்கே, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம் என்பதும், காசநோய்ச் சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும் என்பதும் முதலில் போய்ச் சேர வேண்டிய செய்திகள். பேரணாம்பட்டிலும் ஆற்றோர ஊர்களிலும் தோல் பதனிடும் தொழிலாளர்களுக்குக் கையுறை, தோல் எரிச்சல், இரசாயனம் தெறித்த கண்ணை ஓடும் நீரில் நீண்ட நேரம் கழுவுதல் ஆகியவை பேச வேண்டியவை. கோடையில், அதுவும் அக்னி நட்சத்திர நாட்களில், வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, கழனி வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்களுக்கு வெப்ப மயக்கம் பற்றி ஏப்ரலிலேயே சொல்லிவிட வேண்டும். மே மாதத்தில் சொல்வது காலம் கடந்த காரியம்.

தெருநாய்க்கடி எல்லா ஊருக்கும் பொது. காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுவது, பிறகு அன்றே ஊசிக்குப் போவது, சொன்ன நாட்களில் எல்லா ஊசிகளையும் தவறாமல் போட்டு முடிப்பது என்பதற்கு மேல் அதில் சொல்ல அதிகம் இல்லை. மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் வைக்கும் வழக்கம் இன்னும் இருப்பதால், பள்ளிப் பிள்ளைகளிடம் இதைச் சொல்வது மிகப் பயன் தரும்.

நேரமும் இடமும்

காலை பதினொன்றுக்குக் கூட்டம் வைத்தால் நாற்காலிகள்தான் கேட்கும். ஆண்கள் வேலைக்கும் பெண்கள் கழனிக்கும் போயிருப்பார்கள். உங்களுக்காக வீட்டிலிருந்து அழைத்து வரப்பட்ட பாட்டிமார்கள் மட்டும் முன்வரிசையில் இருப்பார்கள். நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில், பணித்தள பொறுப்பாளரைக் கேட்டுக்கொண்டு, ஓய்வு நேரத்தில் கால் மணி நேரம் பேசலாம். பால் சங்கத்தில் காலையும் மாலையும் பால் ஊற்ற வரிசை நிற்கும். அந்த வரிசையில் மாணவர் இருவர் நின்று பேசினாலே அரைமணியில் ஊரின் பாதிக் குடும்பங்களுக்குச் செய்தி போய்விடும். மகளிர் சுய உதவிக் குழுவின் வாரக் கூட்டம் மற்றொரு நல்ல இடம். கிராம சபை நடக்கும் ஆறு நாட்களான ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவற்றில் ஐந்து நிமிடம் கேட்டுப் பெறலாம். அதற்கு மேல் கேட்க வேண்டாம், அது ஊரின் கூட்டம். ஆடி மாதத்தில் மாரியம்மன் கூழ் ஊற்றும் நாட்களையும், குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு திருவிழாவையும் நாட்காட்டியில் முன்கூட்டியே குறித்து ஒதுக்கிவையுங்கள்.

மொழியையும் இதே கட்டத்தில் யோசிக்க வேண்டும். வேலூர் நகரின் சில பகுதிகளிலும் பேரணாம்பட்டிலும் வீட்டுக்குள் உருது பேசும் பெண்கள் நிறைய. காட்பாடிக்கு வடக்கே ஆந்திர எல்லையோரம் தெலுங்கு. உங்கள் வகுப்பிலேயே அந்த மொழிகளை வீட்டில் பேசும் மாணவிகள் இருப்பார்கள். துண்டறிக்கையை மொழிபெயர்ப்பதைவிட, அவர்களில் ஒருவரைப் பேச வைப்பது மேல்.

ஒரு கூட்டம் எப்படி நடக்க வேண்டும்

சர்க்கரை நோயாளிகளுக்கான பாதப் பராமரிப்பை எடுத்துக்கொள்கிறேன். இந்த மண்ணில் அதற்குத் தனிப் பொருள் உண்டு. தொழுநோயில் விரல்கள் தாமாக அழுகி விழுவதாக நம்பிய காலத்தில், வேலூரில் பணியாற்றிய பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், உணர்ச்சி மரத்துப்போன கையிலும் காலிலும் வலி தெரியாமல் ஏற்படும் காயங்களே அந்தச் சிதைவுக்குக் காரணம் என்று கண்டு சொன்னார். நோயாளிகளைத் தினமும் தம் கைகால்களைப் பார்க்கப் பழக்கியதும், காலின் அழுத்தத்தைப் பரப்பிவிடும் எம்.சி.ஆர். என்னும் மென்ரப்பர் செருப்பு வந்ததும் அந்த அறிவின் விளைவுகள். நீண்ட நாள் சர்க்கரையிலும் அதேபோல் பாதம் மரத்துப்போகிறது. இங்கே பிறந்து வளர்ந்த ஒரு பாடத்தைத்தான் நாம் மறுபடி ஊருக்குள் எடுத்துப்போகிறோம்.

கூட்டத்துக்கு இருபது பேருக்கு மேல் வேண்டாம். வட்டமாகப் பாயில் உட்காருங்கள். நாற்காலியில் நீங்களும் தரையில் அவர்களும் என்ற அமைப்பே பேச்சை நிறுத்திவிடும். முதல் பத்து நிமிடம் நீங்கள் எதையும் சொல்லாமல், "வெயிலில் கோயிலைச் சுற்றி வந்து காலில் கொப்புளம் போட்டவர்கள் யாராவது உண்டா?" என்று கேளுங்கள். ஒரு முறை, குடியாத்தம் பக்கத்தில், அறுபது வயதுள்ள ஓர் அம்மா மெல்லக் காலை நீட்டிக் காட்டினார். உள்ளங்காலில் எலுமிச்சம்பழ அளவுக்குத் தோல் உரிந்திருந்தது. மே மாதத் தார்ச்சாலையில் வெறுங்காலோடு நடந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து படியில் ஈரமாக ஏதோ படிந்திருப்பதைப் பார்த்த பேத்தி சொன்ன பிறகுதான் தெரிந்திருக்கிறது. "சுடவே இல்லையே சார்" என்றார். அதன் பிறகு நரம்பு மரப்பு என்றால் என்ன என்று அந்தக் கூட்டத்துக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் தங்கள் கால்களைத் தாங்களே திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவை அன்று மாலையே செவிலியரோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம்.

அதற்குப் பிறகு சொல்ல வேண்டியது குறைவு. ஆளுக்கொரு சிறிய முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுங்கள். முன்னதாகச் சில்லறை விலையில் வாங்கிவைத்திருந்தால் போதும். கண்ணாடியைத் தரையில் வைத்து, அதன்மேல் பாதத்தை உயர்த்தி, விரலிடுக்கு, குதிகால், உள்ளங்கால் என்ற வரிசையில் பார்ப்பதை ஒரு மாணவி செய்து காட்ட, பிறகு ஒவ்வொருவரும் செய்து பார்க்க வேண்டும். கண் மங்கியவர்களுக்கு வீட்டில் யார் பார்த்துச் சொல்வார்கள் என்பதைப் பெயரோடு கேட்டுக்கொள்ளுங்கள். செருப்பு போடும் முன் உள்ளே கையைவிட்டுப் பார்ப்பது, கால் ஆணியைத் தாமே பிளேடால் சீவாமல் இருப்பது ஆகிய இரண்டையும் சேர்த்துச் சொல்லலாம். உணவு, மாத்திரை, கண், சிறுநீரகம் எல்லாவற்றையும் அன்றே சொல்லிவிட வேண்டும் என்ற ஆசை வரும், வேண்டாம். இரவு படுக்கப்போகும் முன் பாதத்தைப் பார்ப்பது என்ற ஒரு செயல் மட்டும் வீட்டுக்குப் போனால் போதும்.

முடிக்கும்போது "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையசைப்பார்கள். அதற்குப் பதில், "உங்கள் மருமகள் வந்து என்ன சொன்னார்கள் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்?" என்று ஒருவரைக் கேளுங்கள். அவர் திருப்பிச் சொல்வதில் எது விடுபடுகிறதோ அதை நீங்கள் சரியாகச் சொல்லவில்லை என்று பொருள்.

செய்து பார்க்க வைப்பதன் அருமையை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு சொம்பு. குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைப் பொடிப் பொட்டலத்தை ஒரு லிட்டர் நீரில் கரைக்க வேண்டும் என்று பல கூட்டங்களில் சொல்லி வந்தேன். ஒரு நாள், வீட்டில் வழக்கமாகக் கரைக்கும் சொம்பை எடுத்து வரச் சொல்லி, கடையில் வாங்கிய ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலால் அவற்றை அளந்து பார்த்தோம். சில சொம்புகள் முக்கால் லிட்டரைக்கூட எட்டவில்லை. ஒன்று லிட்டரைத் தாண்டி இன்னும் ஒரு டம்ளர் கொண்டது. நீர் குறைந்தால் உப்பு கூடிக் குழந்தைக்குக் கெடுதல், நீர் கூடினால் மருந்தின் வலு குறைவு. அன்று முதல் அவரவர் சொம்பில் ஒரு லிட்டர் எதுவரை வரும் என்று ஆணியால் கீறிக் கோடு போட்டுக் கொடுக்கிறோம். பொட்டலம் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் போடுவதற்கும் அதே கோடு உதவும்.

செய்யக் கூடாதவை

தொடர்ந்து எங்கே போவது என்று சொல்ல முடியாத பரிசோதனையைச் செய்யாதீர்கள். விரலில் குத்திச் சர்க்கரை அளவு 280 என்று சொல்லிவிட்டு வண்டியேறி வந்துவிட்டால், அந்த மனிதரிடம் ஓர் எண்ணையும் பயத்தையும் விட்டுவந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். ஊரில் பரிசோதனை செய்வதானால் மருத்துவ அலுவலரின் ஒப்புதலோடு, அடுத்த நாள் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாரைப் பார்ப்பது என்று எழுதிய சீட்டைக் கையில் கொடுத்து, செவிலியரிடம் ஒரு பட்டியலையும் ஒப்படைத்துவிட்டுச் செய்யுங்கள். குத்திய ஊசிகளை, ஊசி துளைக்க முடியாத டப்பாவில் சேர்த்து மருத்துவமனைக் கழிவோடுதான் அழிக்க வேண்டும்.

நோயாளியின் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். தொழுநோய், காசநோய், மனநலம் பற்றிய கூட்டங்களில் கைப்பேசியை வெளியிலேயே எடுக்காதிருப்பது நல்லது. தொழுநோய்க்கு 6 அல்லது 12 மாதம் இலவசக் கூட்டு மருந்தால் முழுக் குணம் உண்டு, சிகிச்சை தொடங்கிய சிறிது காலத்திலேயே பிறருக்குப் பரவுவது நின்றுவிடும் என்றெல்லாம் நாம் சொன்னாலும், உணர்ச்சியற்ற வெளிர்த் தேமலைக் காட்ட வந்த பெண்ணின் படம் ஊர் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு யாரும் தேமலைக் காட்ட மாட்டார்கள். நான் பணியைத் தொடங்கிய புதிதில் இப்படி ஒன்று நடந்தது. எடுத்தது எங்கள் குழு மாணவர்தான். தீய எண்ணம் எதுவும் இல்லை. அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். ஆனாலும் அந்தத் தெருவில் மறுபடி உட்கார இரண்டு ஆண்டுகள் ஆயின.

ஊழியர்களுக்கான பயிற்சி

செவிலியர், மருந்தாளுநர், ஆய்வக நுட்பர், அங்கன்வாடி ஊழியர், பள்ளி ஆசிரியர் ஆகியோருக்குப் பயிற்சி நடத்துவது ஊர்க் கூட்டத்திலிருந்து வேறுபட்டது. இவர்கள் ஏற்கெனவே நிறையப் பயிற்சிகளில் உட்கார்ந்தவர்கள். பதிவேடு, இணையப் பதிவு, அறிக்கை என்று அவர்கள் தோளில் இருக்கும் பாரம் நம் மாணவர்களுக்குத் தெரியாது. ஒரு நாள் முழுவதும் அவர்களைப் பிடித்து வைப்பதைவிட, ஒன்றியக் கூட்டத்துக்கு வரும் நாளில் ஒன்றரை மணி நேரம் கேட்டுப் பெறுவது மேல். மருத்துவர்களும் கலந்துகொள்ளும் தொடர் கல்வி நிகழ்ச்சியானால், தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் ஒப்புதலைப் பல வாரங்களுக்கு முன்பே விண்ணப்பித்துப் பெறுங்கள். பதிவைப் புதுப்பிக்க ஐந்தாண்டுக்கு 30 மதிப்புப் புள்ளிகள் என்ற கணக்கு அவர்களுக்கு இருக்கிறது.

பாடம் அவர்கள் கைவேலையிலிருந்து தொடங்க வேண்டும். இரத்த அழுத்தம் பார்ப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டு அனுபவமுள்ள செவிலியரிடம் போய் அழுத்தம் பார்ப்பது எப்படி என்று சொன்னால் அவர் மனம் புண்படும், அதில் நியாயமும் உண்டு. நாங்கள் செய்தது வேறு. பயிற்சி மாடியில் நடந்தது. அவர்கள் படியேறி வந்த உடனே, உட்கார விடாமல், பக்கத்தில் இருப்பவர் கையில் ஒருமுறை அழுத்தம் பார்த்து எழுதச் சொன்னோம். பிறகு நாற்காலியில் சாய்ந்து, பாதம் தரையில் படிய, கையை மேசைமேல் இதயத்தின் மட்டத்துக்கு வைத்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்த பின், சட்டைக் கையை மடித்துவிட்டு வெறும் கையில் பட்டையைச் சுற்றி மறுபடி பார்க்கச் சொன்னோம். இரண்டு எண்களையும் கரும்பலகையில் பக்கம் பக்கமாக எழுதியபோது அறையில் யாரும் பேசவில்லை. பின்வரிசையிலிருந்த மூத்த செவிலியர் எழுந்து, "அப்படியென்றால் நான் அவசரத்தில் பார்த்து 150 என்று எழுதிய ஆளுக்கு உண்மையில் என்ன இருந்திருக்கும்?" என்றார். அந்தக் கேள்வியை அவர் கேட்டதால்தான் அன்றைய பயிற்சி பயிற்சியாயிற்று. உயர் அழுத்தம் என்று கணிக்கும் 140க்கு 90 என்ற கோட்டுக்கு அருகில் இருக்கும் ஒருவருக்கு, தவறாகப் பார்த்த ஓர் எண் ஆயுள் முழுவதற்குமான மாத்திரையாகவோ, வேண்டிய மாத்திரை கிடைக்காமலோ போகலாம். அவர்கள் நிலையத்தில் ஒரு நாற்காலிதான் இருக்கிறது, வரிசை நீளம் என்ற சிக்கலையும் அப்போதே எடுத்துப் பேசி, வரிசையில் அடுத்தவரை முன்கூட்டியே உட்கார வைக்கப் பெஞ்சு ஒன்றை ஊராட்சியிடம் கேட்பது என்று முடிவானது.

ஆட்டோ ஓட்டுநர்கள், பேருந்து நடத்துநர்கள், காவலர்கள், கோயில் ஊழியர்கள் ஆகியோரையும் நான் இந்தப் பட்டியலில் சேர்ப்பேன். சுருண்டு விழும் மனிதருக்கு முதலில் அருகில் இருப்பவர்கள் அவர்கள்தான். இதயம் நின்றுபோனவருக்கு மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்துவதை பொம்மையின் மேல் ஒவ்வொருவரும் இரண்டு நிமிடம் செய்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டுப் போவதில் பயனில்லை. இரண்டு நிமிடம் அழுத்திய பிறகுதான் அது எவ்வளவு களைப்பான வேலை, ஏன் ஆள் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது உடம்புக்குத் தெரியும்.

திரும்பிப் போவதும் எழுதி வைப்பதும்

கூட்டம் முடிந்த மூன்றாம் வாரம் முன்னறிவிப்பின்றி அல்ல, செவிலியரிடம் சொல்லிவிட்டு, நான்கு மாணவர்களோடு அதே தெருவுக்குப் போங்கள். புதிதாக எதையும் சொல்ல வேண்டாம். கண்ணாடி எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சில வீடுகளில் அது பொட்டு வைக்கும் இடத்துக்குப் போயிருக்கும். சில வீடுகளில் படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும். இருபது வீட்டில் எத்தனை வீடு என்ற எண்ணிக்கைதான் உங்கள் பணியின் மதிப்பெண். கல்லூரி மதிப்பீட்டுக் குழுவுக்கு நிகழ்ச்சிகளின் எண்ணிக்கையும் கலந்துகொண்டோர் எண்ணிக்கையும் தேவை, அவற்றைக் கொடுங்கள். அதோடு இந்த எண்ணிக்கையையும் சேர்த்து எழுதுங்கள், அது சிறியதாக இருந்தாலும்.

ஒரு நீளமான நோட்டை ஊருக்கொன்றாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் நோயாளிகளின் பெயரையோ நோயையோ எழுதாமல், எந்த நாளில் எங்கே உட்கார்ந்தோம், ஊர்க்காரர்கள் எந்தச் சொல்லைச் சொன்னார்கள், எந்தக் கேள்விக்கு நம்மிடம் பதில் இல்லை, யாரிடம் கேட்டுச் சொல்வதாக வாக்குக் கொடுத்தோம் என்பவற்றை அன்று இரவே எழுதிவிட வேண்டும். கொடுத்த வாக்கை அடுத்த முறை முதல் வேலையாக நிறைவேற்றுங்கள். மூன்று ஆண்டுகள் கழித்து நீங்கள் இந்தப் பொறுப்பிலிருந்து மாறும்போது, புதிதாக வரும் ஆசிரியரிடம் கோப்போடு அந்த நோட்டையும் கொடுத்து, ஒரு மாலை பால் ஊற்றும் நேரத்தில் அவரை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய், நர்சம்மாவிடமும் அங்கன்வாடி ஆசிரியரிடமும் பெயர் சொல்லி அறிமுகப்படுத்திவிட்டு வாருங்கள்.